அந்தப் பெண்ணிடம் கேட்டீர்களா?

கேள்வி: நான் கல்லூரிப் பெண்கள் கால்பந்து அணியில் ஆடுகிறேன். போன ஆட்டத்தில் எங்கள் அணிப் பெண் ஒருத்தியை, அவள் நிறத்தைச் சொல்லியும் குரங்கு மாதிரி சத்தம் எழுப்பியும் கேலரியில் இருந்த சிலர் அவமானப்படுத்தினார்கள். அடுத்த ஆட்டம் தொடங்கும் முன் எல்லாரும் ஒரு காலில் மண்டியிட வேண்டும் என்று கேப்டன் வாட்ஸ்அப் குழுவில் சொல்லிவிட்டார். எனக்கு நிறவெறி அறவே பிடிக்காது. ஆனால் நாலு பேர் பார்க்க மண்டியிடுவது நடிப்பு மாதிரி தோன்றுகிறது. செய்யாமல் நின்றாலோ என்னை நிறவெறி பிடித்தவள் என்பார்கள். அப்பா, "விளையாட்டில் அரசியல் எதற்கு, ஒதுங்கி இரு" என்கிறார். இதையெல்லாம் செய்து உலகத்தில் ஏதாவது மாறியிருக்கிறதா? நான் என்ன செய்யட்டும்?

பதில்: உங்கள் கடிதத்தில் கேப்டன் சொன்னது இருக்கிறது, அப்பா சொன்னது இருக்கிறது, மற்றவர்கள் உங்களைப் பற்றி என்ன நினைப்பார்கள் என்ற பயம் இருக்கிறது. அவமானப்பட்ட அந்தப் பெண் என்ன சொல்கிறாள் என்பது எங்கேயும் இல்லை. அவளிடம் யாராவது கேட்டீர்களா? கேப்டனாவது கேட்டாரா? மண்டியிடலாமா வேண்டாமா என்பதற்கு முன்னால் தீர்க்க வேண்டியது இதுதான். குழுவில் போடாமல் தனியாகப் போய், "அன்றைக்கு நடந்ததை நானும் கேட்டேன், இப்போது நாங்கள் என்ன செய்தால் உனக்கு நல்லது?" என்று கேளுங்கள். அவள் மண்டியிடச் சொல்லலாம். "எல்லாரும் திரும்ப என்னையே பார்ப்பார்கள், வேண்டாம்" என்றும் சொல்லலாம். பதில் எதுவானாலும் அதிலிருந்துதான் மற்றதெல்லாம் தொடங்க வேண்டும்.

இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், இந்த வரலாற்றில் என் மனதில் நின்ற ஆள் கையைத் தூக்கியவர் இல்லை, பக்கத்தில் நின்றவர். 1968, மெக்சிகோ சிட்டி ஒலிம்பிக்ஸ், ஆண்கள் 200 மீட்டர். தங்கம் டாமி ஸ்மித், 19.83 வினாடி, அப்போது உலக சாதனை. வெண்கலம் ஜான் கார்லோஸ். இருவரும் அமெரிக்கக் கறுப்பின வீரர்கள். இடையில் வெள்ளி வாங்கியவர் ஆஸ்திரேலியாவின் பீட்டர் நார்மன், வெள்ளைக்காரர். தேசிய கீதம் ஒலித்தபோது ஸ்மித்தும் கார்லோஸும் கறுப்புக் கையுறை போட்ட முஷ்டியை உயர்த்தி, தலையைக் குனிந்து நின்ற அந்தப் படத்தை நீங்கள் கட்டாயம் பார்த்திருப்பீர்கள். அடுத்த முறை பார்க்கும்போது கால்களைப் பாருங்கள். ஷூ இல்லாமல் கறுப்பு சாக்ஸோடு நிற்கிறார்கள், தங்கள் மக்களின் வறுமையைக் காட்டுவதற்காக. ஒருவர் வலது கையையும் மற்றவர் இடது கையையும் தூக்கியிருப்பார்கள், ஏனென்றால் கார்லோஸ் தன் கையுறைகளை மறந்துவிட்டு வந்துவிட்டார். இருக்கிற ஒரு ஜோடியை ஆளுக்கு ஒன்றாகப் போட்டுக்கொள்ளுங்கள் என்று யோசனை சொன்னது நார்மன்.

மேடை ஏறுவதற்கு முன் அவர்கள் நார்மனிடம் மனித உரிமைகளில் உனக்கு நம்பிக்கை உண்டா என்று கேட்டார்கள். உண்டு என்றார், உங்களோடு நிற்கிறேன் என்றார். அப்புறம் அவர்கள் நெஞ்சில் குத்தியிருந்த 'மனித உரிமைகளுக்கான ஒலிம்பிக் திட்டம்' என்ற பேட்ஜ் தனக்கும் ஒன்று வேண்டும் என்று கேட்டு, பால் ஹாஃப்மன் என்ற அமெரிக்கப் படகு வீரரிடமிருந்து வாங்கிக் குத்திக்கொண்டார். அவர் முஷ்டியைத் தூக்கவில்லை. அது அவர்கள் இருவரின் குரல், தன்னுடையது இல்லை என்பது அவருக்குத் தெரிந்திருந்தது என்றுதான் நான் எடுத்துக்கொள்கிறேன். நேராக நின்றார், பேட்ஜோடு.

விலை மூன்று பேருக்கும் விழுந்தது. அப்போதைய சர்வதேச ஒலிம்பிக் கமிட்டித் தலைவர் அவெரி பிரண்டேஜின் அழுத்தத்தால் ஸ்மித்தும் கார்லோஸும் அமெரிக்க அணியிலிருந்து வெளியேற்றப்பட்டார்கள், ஊர் திரும்பிய பிறகு கொலை மிரட்டல்கள் வந்தன. 1972 ம்யூனிக் ஒலிம்பிக்ஸுக்கு ஆஸ்திரேலியா நார்மனை அனுப்பவில்லை, அதற்கு அந்த பேட்ஜ்தான் காரணமா என்று இன்னமும் வாதிடுகிறார்கள். அவர் அன்று ஓடிய 20.06 வினாடி மட்டும் 56 ஆண்டுகள் ஆஸ்திரேலிய சாதனையாக இருந்து, 2024 டிசம்பரில்தான் உடைந்தது. உடைத்தவர் கௌட் கௌட், தெற்கு சூடானிலிருந்து குடியேறிய பெற்றோரின் பிள்ளை. 2006இல் நார்மன் இறந்தபோது ஸ்மித்தும் கார்லோஸும் வந்து அவர் சவப்பெட்டியைத் தோளில் சுமந்தார்கள். 2012இல் ஆஸ்திரேலிய நாடாளுமன்றம் அவரிடம் மன்னிப்புக் கேட்டது, கேட்க அவர் உயிரோடு இல்லை.

நடிப்பு என்று உங்களுக்குத் தோன்றுவது நியாயமான சந்தேகம்தான், அதற்காகக் கூச்சப்பட வேண்டாம். அதே சந்தேகம் இனவெறியை நேரடியாக அனுபவித்தவர்களுக்கே வந்திருக்கிறது. 2020 மே மாதம் மினியாபொலிஸில் ஒரு போலீஸ்காரர் ஜார்ஜ் ஃபிளாய்டின் கழுத்தை முழங்காலால் அழுத்திக் கொன்றபின், ஜூன் மாதம் இங்கிலாந்து பிரீமியர் லீக் மீண்டும் தொடங்கியபோது எல்லா வீரர்களும் மண்டியிட்டார்கள். முதல் நாள் பார்த்தபோது உண்மையிலேயே மனசு அசைந்தது. ஆனால் வாரா வாரம் விசில் ஊதுவதற்கு முன் மண்டியிட்டு எழுந்து, டாஸ் போடுகிற மாதிரி அதுவும் ஒரு சடங்காகிவிட்டது. 2021 மார்ச்சில் கிரிஸ்டல் பேலஸ் வீரர் வில்ஃப்ரட் ஸாஹா மண்டியிடாமல் நின்றார். அவர் கறுப்பினத்தவர், ஆன்லைனில் படுமோசமான வசவுகளை வாங்கியவர். மண்டியிட்டாலும் மண்டியிடாவிட்டாலும் வசவு வந்துகொண்டேதான் இருக்கிறது, இது வழக்கமாகிவிட்டது, நாம் நிமிர்ந்து நிற்க வேண்டும் என்பது அவர் வாதம். 2022இல் அணி கேப்டன்களும் கூடிப் பேசி, எல்லா ஆட்டத்திலும் வேண்டாம், தேர்ந்தெடுத்த ஆட்டங்களில் மட்டும் மண்டியிடுவோம் என்று முடிவு செய்தார்கள். 2025 பெண்கள் யூரோ போட்டியில் இங்கிலாந்து வீராங்கனை ஜெஸ் கார்ட்டர் தனக்கு வந்த இனவெறி வசவுகளை வெளியே சொன்னதும், அடுத்த ஆட்டமான அரையிறுதியில் அணி முழுவதும் மண்டியிடாமல் நின்றது. மண்டியிட்டது போதவில்லை, இனி வேறு வழி பார்க்க வேண்டும் என்பதைச் சொல்லத்தான் நின்றார்கள்.

ஆகவே நிற்பதும் எதிர்ப்பாக இருக்க முடியும். ஏன் நிற்கிறீர்கள் என்பதை அந்தப் பெண்ணும் அணியும் முன்கூட்டியே அறிந்திருக்க வேண்டும், அவ்வளவுதான். சொல்லாமல் கொள்ளாமல் ஆட்டத்தன்று தனியாக நின்றீர்களானால் அவள் அதை எப்படி எடுத்துக்கொள்வாள்? கேலரியில் சத்தம் போட்டவர்களோடு உங்களையும் சேர்த்துப் பார்க்க அவளுக்கு எல்லாக் காரணமும் இருக்கும்.

கேப்டன் உத்தரவு போட்ட விதம் எனக்கும் பிடிக்கவில்லை. 2021 டி20 உலகக் கோப்பையில் தென்னாப்பிரிக்க கிரிக்கெட் வாரியம் இதையேதான் செய்தது. அதுவரை வீரர்கள் மண்டியிடலாம், முஷ்டி உயர்த்தலாம், நேராக நிற்கலாம் என்று இருந்ததை மாற்றி, எல்லாரும் மண்டியிட்டே ஆக வேண்டும் என்று ஆட்டத்துக்குச் சில மணி நேரம் முன்னால் சொன்னது. குவின்டன் டி காக் அந்த ஆட்டத்திலிருந்தே விலகிக்கொண்டார், அதுவும் துபாயில் வெஸ்ட் இண்டீஸுக்கு எதிரான ஆட்டம். இரண்டு நாள் கழித்து மன்னிப்புக் கேட்டு அறிக்கை விட்டார். தன் மாற்றாந்தாய் கறுப்பினத்தவர், தன் குடும்பமே கலப்புக் குடும்பம், கலந்து பேசாமல் உத்தரவாகச் சொன்னதால் அந்தச் செயலின் பொருளே போய்விட்டதாகத் தோன்றியது என்று விளக்கினார். அடுத்த ஆட்டத்தில் மண்டியிட்டார். அவர் வருத்தம் எனக்குப் புரிகிறது, உத்தரவு தப்பான விதத்தில்தான் வந்தது. ஆனால் அன்று ஆட்டம் முடிந்ததும் பத்திரிகையாளர்கள் முன் உட்கார்ந்து எல்லாக் கேள்விக்கும் பதில் சொன்னது யார் தெரியுமா? டெம்பா பவுமா, தென்னாப்பிரிக்க அணியின் முதல் கறுப்பின ஆப்பிரிக்க கேப்டன். டி காக்கின் முடிவை மதிக்கிறோம், அவர் இன்னமும் எங்களில் ஒருவர்தான் என்று அவர் சொல்ல வேண்டியிருந்தது. ஒருவர் தயங்கும்போது அந்தச் சுமை போய் இறங்குவது பெரும்பாலும் ஏற்கெனவே காயப்பட்டவர் தலையில்தான். உங்கள் தயக்கத்தை இப்போதே, ஆட்டத்துக்கு முன்பே, கேப்டனிடம் நேரில் பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள் என்று நான் சொல்வது இதற்காகத்தான். உத்தரவாக இல்லாமல் எல்லாரும் உட்கார்ந்து பேசி முடிவெடுக்கலாமே என்று கேளுங்கள். கேப்டனும் கோபத்தில் அவசரப்பட்டிருப்பார், கேட்டால் ஒத்துக்கொள்வார் என்றே நினைக்கிறேன்.

பேசினால் என்ன கிடைக்கும் என்பதற்கு, மண்டியிடும் வழக்கம் பிறந்த கதையே சாட்சி. 2016இல் அமெரிக்க ஃபுட்பால் (நம் கால்பந்து இல்லை, பந்தைக் கையில் பிடித்து ஓடும் ஆட்டம்) வீரர் காலின் கேப்பர்னிக், கறுப்பின மக்கள் மீதான ஒடுக்குமுறையையும் போலீஸ் வன்முறையையும் எதிர்த்து தேசிய கீதத்தின்போது எழாமல் உட்கார்ந்தார். நேட் போயர் என்ற முன்னாள் ராணுவ வீரருக்கு அது வலித்தது, திட்டாமல் ஒரு திறந்த கடிதம் எழுதினார். இருவரும் சந்தித்தார்கள். இறந்துபோன சக வீரனின் கல்லறை முன்னால் சிப்பாய்கள் ஒரு காலில் மண்டியிடுவார்கள், நீயும் அப்படிச் செய்யலாமே என்றார் போயர். கேப்பர்னிக் ஏற்றுக்கொண்டார். அந்த சீசன் முடிந்த பிறகு எந்த அணியும் அவரைச் சேர்த்துக்கொள்ளவில்லை, அது தனிக் கொடுமை. ஆனால் இன்று உங்கள் அணி செய்ய நினைக்கும் அந்தச் செயல், கருத்து வேறுபட்ட இரண்டு பேர் உட்கார்ந்து பேசியதில் உருவானது.

சரி, அப்பாவுக்கு வருவோம். அவர் உங்களைப் பற்றிய கவலையில் சொல்கிறார், அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் மைதானத்துக்குள் இதைக் கொண்டுவந்தது உங்கள் அணியா? பந்தைத் துரத்திக்கொண்டிருந்த ஒரு பெண்ணைப் பார்த்துக் குரங்குச் சத்தம் போட்டவர்கள்தான் கொண்டுவந்தார்கள். 1968இல் ஸ்மித், கார்லோஸ் செய்தது அரசியல் என்று பொங்கிய அதே பிரண்டேஜ், 1936 பெர்லின் ஒலிம்பிக்ஸின்போது அமெரிக்க ஒலிம்பிக் கமிட்டித் தலைவராக இருந்தார், அங்கே நாஜி வணக்கம் வைத்தபோது அவருக்கு எந்த ஆட்சேபமும் இருக்கவில்லை. யார் செய்தால் அரசியல், யார் செய்தால் இல்லை என்பதை அப்பாவோடு சேர்ந்து பொறுமையாகப் பேசிப் பாருங்கள்.

மாறியதா என்று கேட்டீர்கள். மண்டியிட்டதால் மட்டும் எதுவும் மாறியதாக என்னால் சொல்ல முடியாது. அதோடு வேறு ஏதாவது சேர்ந்தபோது மாறியிருக்கிறது. 1993இல் மெல்போர்னில், ஆட்டம் முழுக்க இனவெறி வசவு வாங்கிய பழங்குடி ஆஸ்திரேலிய ஃபுட்பால் வீரர் நிக்கி வின்மார், ஜெயித்ததும் எதிரணி ரசிகர்கள் பக்கம் திரும்பி ஜெர்சியைத் தூக்கித் தன் தோலை விரலால் சுட்டிக் காட்டினார். அந்தப் படம் நாடு முழுக்கப் பேச வைத்தது. 1995இல் மைக்கேல் லாங் என்ற இன்னொரு பழங்குடி வீரர் தனக்கு நேர்ந்ததைப் புகாராகவே கொண்டுபோய், விடாமல் நின்றார், அந்த ஆண்டே ஆஸ்திரேலிய ஃபுட்பால் லீக் இனவெறி வசவுக்கு எதிராகத் தனி விதி கொண்டுவந்தது. ஸ்பெயினில் ஆடும் கறுப்பின பிரேசில் கால்பந்து வீரர் வினீசியஸ் ஜூனியரை 2023இல் வலென்சியா மைதானத்தில் வசைபாடிய மூன்று பேருக்கு அடுத்த ஆண்டு நீதிமன்றம் எட்டு மாதச் சிறைத் தண்டனை விதித்தது. மைதானத்தில் நடந்த இனவெறி வசவுக்கு அந்நாட்டில் விதிக்கப்பட்ட முதல் தண்டனை அது. ஆட்டத்தின் நடுவிலேயே வசைபாடியவர்களை அவர் நடுவருக்கு விரலால் சுட்டிக் காட்டியிருந்தார்.

உங்கள் அணியும் புகாரில் இறங்க வேண்டும் என்பது என் எண்ணம், மண்டியிடுவதைவிட இதுதான் முக்கியம். கால்பந்தில் இதற்கு ஒரு நடைமுறை இருக்கிறது. இனவெறி நடந்தால் நடுவர் முதலில் ஆட்டத்தை நிறுத்தி அறிவிப்பு செய்யச் சொல்லலாம், தொடர்ந்தால் அணிகளைச் சிறிது நேரம் உள்ளே அனுப்பலாம், அப்போதும் அடங்காவிட்டால் ஆட்டத்தையே கைவிடலாம். 2024 மே மாதம் ஃபிஃபா இதற்கென ஒரு சைகையையும் கொண்டுவந்தது, வீரர் இரண்டு கைகளையும் மணிக்கட்டில் குறுக்காக வைத்துக் காட்டினால் தனக்கு இனவெறி வசவு நடக்கிறது என்று நடுவருக்குச் சொல்வதாக அர்த்தம். உங்கள் போட்டி விதிகளில் இதெல்லாம் இருக்கிறதா என்று கோச் மூலம் இந்த வாரமே கேளுங்கள். இல்லாவிட்டாலும் ஆட்டத்துக்கு முன் கோச்சும் கேப்டனும் நடுவரைப் பார்த்து, போன முறை இப்படி நடந்தது, திரும்ப நடந்தால் நாங்கள் உங்களிடம் வருவோம் என்று சொல்லி வைக்கலாம்.

போன ஆட்டத்தில் நடந்ததற்கும் புகார் எழுதுங்கள், ஆனால் அவள் சம்மதித்தால் மட்டும். எந்தப் பகுதியிலிருந்து சத்தம் வந்தது, ஏறக்குறைய எத்தனையாவது நிமிடம், காதில் விழுந்தது என்ன, யாரிடமாவது வீடியோ இருக்கிறதா, இதையெல்லாம் மறந்துபோவதற்குள் குறித்து வையுங்கள். அவள் மட்டும் கையெழுத்துப் போட்ட புகார் ஒரு பெண்ணின் மனத்தாங்கலாக ஓரமாகப் போய்விடும். கேட்டவர்கள் எல்லாரும் கையெழுத்துப் போடுங்கள், முதல் கையெழுத்து உங்களுடையதாக இருக்கட்டும்.