வட்டக்கோணப்பகுதி: கோணம் கிடைக்கலையா, வில்லை அளங்க

எட்டாம் வகுப்பு மாணவி, மஞ்சக்குப்பம்: சார், ஒரு வட்டக்கோணப்பகுதி (ரெண்டு ஆரமும் ஒரு வில்லும் சூழ்ந்த துண்டு), ஆரம் 21 செ.மீ., மையக்கோணம் 120°. பரப்பு 462 ச.செ.மீ. சரியா வந்துடுச்சு. சுற்றளவு 44 போட்டேன், தப்பாம்.

பதில்: 44ங்கறது வில்லோட நீளம் மட்டும்மா. ஓரத்துல ரெண்டு ஆரமும் இருக்கே! 44 + 21 + 21 = 86 செ.மீ. ஆனா அந்த 44ஐ விட்டுடாத. 44 × 21 ÷ 2 போட்டுப் பாரு, அதே 462. விடையைச் சரிபார்க்க இதுதான் நல்ல வழி.

டியூஷன் டீச்சர், நெல்லிக்குப்பம்: வில் × ஆரம் ÷ 2, இது ஏன் முக்கோணச் சூத்திரம் மாதிரியே இருக்கு?

பதில்: பகுதியைப் பனையோலை விசிறி மாதிரி மெல்லிசா மடிச்சுப் பாருங்க. ஒவ்வொரு மடிப்பும் கிட்டத்தட்ட ஒரு முக்கோணம். உயரம் ஆரம், அடிப்பக்கங்களைக் கூட்டினா வில். முழு வட்டத்துக்குப் போட்டா பாதிச் சுற்றளவு × பாதி விட்டம். பழைய தமிழ்க் கணக்கு நூலான கணக்கதிகாரம் சொல்ற வட்டத்தரை, விட்டத்தரை இதுதான்.

கொத்தனார், முத்தியால்பேட்டை: பால்கனி மூலை சரியா 90° இல்ல. மூலையிலேர்ந்து வளைவுக்கு எங்க அளந்தாலும் 5 அடி, வளைவு 7 அடி. டைல்ஸ் எவ்வளவு?

பதில்: 7 × 5 ÷ 2 = 17.5 சதுர அடிங்கண்ணே. வளைவை நூல் ஒட்டி அளந்தீங்களா? டேப்பை நேரா இழுத்தா நாண்தான் கிடைக்கும், சுமார் 6.44 அடி, 1.4 சதுர அடி குறைஞ்சுடும். வாங்கறதுக்கு முன்னாடி தரையில சாக்பீஸால வளைவையும் டைல்ஸ் கட்டத்தையும் போடுங்க. வளைவு தொடுற கட்டமெல்லாம் முழு டைல்ஸ் கணக்கு.

தச்சர், வில்லியனூர்: வாசக்கால் மேல வளைவுக் கண்ணாடி. அகலம் 6 அடி, நடு உயரம் 1 அடி. மையமே தெரியலையே?

பதில்: அது வட்டத்துண்டு, அதாவது வில்லுக்கும் நாணுக்கும் நடுவுல இருக்கற பகுதி. முதல்ல ஆரம்: 6 × 6 ÷ 8 = 4.5, அதோட பாதி உயரம் 0.5, ஆக 5 அடி. (உயரம் 1 அடி இல்லைன்னா அந்த 4.5ஐ உயரத்தால வகுக்கணும். இங்க உயரம் 1, அதனால மாறல.) வளைவுல நூல் வச்சா 6 அடி 5¼ அங்குலம் வரணும். வில் × ஆரம் ÷ 2 = 16.09. மையத்துலேர்ந்து நாண் 4 அடி தூரம், அந்த முக்கோணம் 6 × 4 ÷ 2 = 12. கழிச்சா 4.09 சதுர அடி. நடு உயரத்தை ரெண்டு தடவை அளங்க. அதுல ஒரு அங்குலம் குறைஞ்சா ஆரம் நாலு அங்குலத்துக்கு மேல கூடிடும், கண்ணாடி சட்டத்துல உட்காராது.

பிளஸ் ஒன் மாணவர், லாஸ்பேட்டை: கோணம் ரேடியன்ல இருந்தா 360ஆல வகுக்கணுமா?

பதில்: வேண்டாம் தம்பி. ரேடியன் × ஆரம் = வில். மிச்சம் மேல சொன்னதுதான்.