மலேசிய அரசியலை வலைப்பதிவர்கள் எவ்வளவு மாற்றினார்கள்? – கேள்வி பதில்

மலேசிய அரசியல் வலைப்பதிவுகளைத் தொடக்க காலத்திலிருந்தே படித்து வருகிறேன், நடுவில் கொஞ்ச காலம் எழுதியும் இருக்கிறேன். இதைப் பற்றிக் கேளுங்கள் என்று சொன்னதும் நிறையப் பேர் கேட்டுவிட்டார்கள். ஒரே மாதிரி இருந்த கேள்விகளை ஒன்றாக்கியிருக்கிறேன்.

கேள்வி (சென்னை): அண்ணே, இங்கே வலைப்பதிவு என்றால் கதை, கவிதை, சினிமா, கொஞ்சம் சண்டை. மலேசியாவில் மட்டும் அது எப்படி ஆட்சியையே ஆட்டிப் பார்க்கும் அளவுக்குப் போனது?

பதில்: அங்கே அச்சுக்குப் பூட்டு இருந்தது, இணையத்துக்கு இல்லை. 1984ஆம் ஆண்டு அச்சகச் சட்டப்படி நாளிதழ் நடத்த உள்துறை அமைச்சின் உரிமம் வேண்டும், அதை ஆண்டுதோறும் புதுப்பிக்கவும் வேண்டியிருந்தது. 2012இல்தான் இந்த வருடாந்திரப் புதுப்பிப்பை எடுத்தார்கள். 1987இல் பலரையும் பிடித்து அடைத்த லாலாங் நடவடிக்கையின்போது தி ஸ்டார், சின் சியூ, வாத்தான் மூன்றையும் நிறுத்தி வைத்தார்கள், அந்த பயம் எந்த ஆசிரியரையும் விட்டுப் போகவில்லை. போதாததற்குப் பெரிய நாளிதழ்கள் பலவும் ஆளுங்கட்சிகளின் கையில். தமிழிலும் அப்படித்தான், தமிழ் நேசன், ஆளுங்கூட்டணியில் இருந்த இந்தியர் கட்சியான மஇகாவின் தலைவர் சாமிவேலுவின் குடும்பத்திடம் இருந்தது. மக்கள் ஓசையை 2007 ஆகஸ்டில் முதல் பக்கத்தில் வந்த ஒரு படத்துக்காக ஒரு மாதம் மூடி வைத்தார்கள்.

ஆனால் 1996இல் மல்டிமீடியா சூப்பர் காரிடார் என்ற தகவல் தொழில்நுட்ப மண்டலத் திட்டத்துக்கு வெளிநாட்டு நிறுவனங்களை இழுப்பதற்காக, இணையத்தைத் தணிக்கை செய்ய மாட்டோம் என்று பிரதமர் மகாதீரின் அரசே உறுதி கொடுத்திருந்தது. 1998இல் துணைப் பிரதமர் அன்வார் இப்ராஹிமைப் பதவியிலிருந்து தூக்கியபோது அவருடைய ஆதரவாளர்கள் அந்த வழியாகத்தான் பேசினார்கள். 1999 நவம்பரில் மலேசியாகினி என்ற இணையச் செய்தித்தளம் வந்தது, அப்புறம் ஜெஃப் ஊயின் ஸ்கிரீன்ஷாட்ஸ், 2004இல் ராஜா பெத்ராவின் மலேசியா டுடே என்று வரிசையாக வந்தன. தமிழ்நாட்டில் அரசைத் திட்டும் செய்தியை காசு கொடுத்துக் கடையிலேயே வாங்கலாம், அதற்கு வலைப்பதிவு தேவைப்படவில்லை.

கேள்வி (பினாங்கு): 2008 தேர்தலை வலைப்பதிவர்கள்தான் ஜெயித்துக் கொடுத்தார்கள் என்று இன்னும் பலர் சொல்கிறார்கள். நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

பதில்: அப்படிச் சொல்ல மாட்டேன். 2008 மார்ச் 8 அன்று ஆளுங்கூட்டணியான தேசிய முன்னணி 222 தொகுதிகளில் 140ஐத்தான் பிடித்தது, 1969க்குப் பிறகு முதல்முறையாக மூன்றில் இரண்டு பங்குப் பெரும்பான்மையை இழந்தது. கெடா, பினாங்கு, பேரா, சிலாங்கூர் மாநில ஆட்சிகள் நான்கும் எதிர்க்கட்சிகளிடம் கைமாறின. கிளந்தானையும் சேர்த்து ஐந்து என்பார்கள், ஆனால் கிளந்தான் 1990 முதலே எதிர்க்கட்சியான பாஸிடம் இருந்தது, அதை வலைப்பதிவுக் கணக்கில் எழுத முடியாது. விலைவாசி, குற்றங்கள், 2007 நவம்பரில் நடந்த, தூய்மையான தேர்தல் கேட்ட பெர்சே பேரணி, இந்தியர் உரிமை கேட்ட ஹிண்ட்ராஃப் பேரணி என்று மக்கள் கோபத்துக்குக் காரணங்கள் நிறைய இருந்தன.

வலைப்பதிவுகள் செய்த வேலை வேறு. லிங்கம் ஒளிநாடா விவகாரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். நீதிபதிகளின் நியமனம், பதவி உயர்வு பற்றி ஒரு வழக்கறிஞர் தொலைபேசியில் பேரம் பேசுவது போன்ற காட்சி, 2007 செப்டம்பரில் அன்வார் வெளியிட்டார். அதை அப்படியே போட்டுக் காட்டும் துணிச்சல் பெரிய ஊடகங்களுக்கு வரவில்லை. மலேசியாகினியும் வலைப்பதிவுகளும் யூடியூபும் காட்டின. ஒரு வாரத்தில் வழக்கறிஞர்கள் புத்ராஜெயாவில் ஊர்வலம் போனார்கள், அடுத்த ஆண்டுத் தொடக்கத்தில் அரச விசாரணை ஆணையமே உட்கார்ந்தது. வலைப்பதிவு இல்லாவிட்டால் இது அமுங்கியிருக்கும் என்றுதான் நான் நம்புகிறேன்.

அது மலாய்க் கிராமமான கம்பத்துக்கும் தோட்டத்துக்கும் போனது எப்படி? அங்கே யாரும் திரையில் படிக்கவில்லை. படித்தவர்கள் அச்செடுத்து மடித்துக் கொடுத்தார்கள், குறுஞ்செய்தியில் சுருக்கி அனுப்பினார்கள், செராமா என்ற அரசியல் பேச்சுக் கூட்டங்களில் வட்டு விற்றார்கள், பேச்சாளர் காலையில் படித்ததை இரவில் மேடையில் சொன்னார். இந்த இரண்டாவது கை இல்லாமல் வலைப்பதிவு நகரத்துப் பேச்சாகவே நின்றிருக்கும். இதைப் பேசாமல் "இணையப் புரட்சி" என்று எழுதுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கிறது, ராத்திரி ராத்திரியாக அலைந்தவர்களின் உழைப்பு அது.

தோற்ற பக்கமும் இதைப் புரிந்துகொண்டது. இணையப் போரில் தோற்றுவிட்டோம், அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாதது தவறு என்று பிரதமர் அப்துல்லா படாவியே தேர்தல் நடந்த அந்த மாதமே சொன்னார்.

கேள்வி (ஜொகூர் பாரு): வலைப்பதிவர்கள் யாராவது வேட்பாளராக நின்று ஜெயித்தார்களா?

பதில்: ஜெயித்தார்கள். ஜெஃப் ஊய் எதிர்க்கட்சியான ஜசெக (ஜனநாயக செயல் கட்சி) சார்பில் ஜெலுத்தோங், டோனி புவா பெட்டாலிங் ஜெயா உத்தாரா, அன்வாரின் கட்சியான பிகேஆரின் எலிசபெத் வோங் புக்கிட் லாஞ்சான் சட்டமன்றத் தொகுதி. நியூ ஸ்ட்ரெய்ட்ஸ் டைம்ஸ் நாளிதழ் தரப்பு 2007 ஜனவரியில் அவதூறு வழக்குப் போட்ட இரண்டு வலைப்பதிவர்களில் ஜெஃப் ஊய் ஒருவர், மற்றவர் ராக்கி என்ற அஹிருதீன் அத்தான். அந்த வழக்குதான் வலைப்பதிவர்களை ஒரு சங்கமாகச் சேர வைத்தது. அடுத்த ஆண்டே ஊய் நாடாளுமன்றத்துக்குப் போய்விட்டார்.

கேள்வி (கிள்ளான்): ஹிண்ட்ராஃப் விஷயத்தில் வலைப்பதிவின் பங்கு என்ன? என் அப்பா அதெல்லாம் வாய்வழியாகப் பரவியது என்கிறார்.

பதில்: அப்பா சொல்வதுதான் பெரும்பாலும் சரி. கோயில், தோட்டம், கடைவீதி வழியாகத்தான் ஆள் சேர்ந்தது. தீபாவளி நெருங்கும் நேரத்தில், 2007 அக்டோபர் 30 அன்று, ஷா ஆலாம் பாடாங் ஜாவா மாரியம்மன் கோயிலை இடித்தார்களே, அந்தச் சேதிக்கு இணையமே தேவையில்லை, வீடு வீடாகப் போய்விட்டது. வலைப்பதிவின் பங்கு நவம்பர் 25 பேரணிக்குப் பிறகு. பத்துமலையில் கண்ணீர்ப்புகையும் தண்ணீர்ப் பீரங்கியும் பாய்ந்த காட்சிகள் அன்றே இணையத்தில் வந்துவிட்டதால், மறுநாள் நாளிதழ்கள் எழுதியதை மக்கள் தாங்கள் பார்த்ததோடு ஒப்பிட்டார்கள். தமிழர் அல்லாதவர்களுக்கு நம் பிரச்சினை தெரிய வந்ததும் பெரும்பாலும் அப்படித்தான்.

டிசம்பர் 13 அன்று ஹிண்ட்ராஃப் தலைவர்கள் ஐந்து பேரை இசாவில், அதாவது விசாரணையில்லாமல் அடைத்து வைக்கும் சட்டத்தில், பிடித்தார்கள். அவர்களில் மனோகரன் தடுப்புக்காவலில் இருந்தபடியே கோத்தா ஆலாம் ஷாவில் ஜெயித்தார், அது உங்கள் ஊர்ப் பக்கம்தான், அப்பாவுக்கு நினைவிருக்கும். மஇகா நின்ற ஒன்பது நாடாளுமன்றத் தொகுதிகளில் மூன்றுதான் தேறியது, சாமிவேலுவே சுங்கை சிப்புட்டில் டாக்டர் ஜெயகுமாரிடம் தோற்றார்.

கேள்வி (ஈப்போ): ராஜா பெத்ரா வீரரா, வதந்திக்காரரா?

பதில்: இரண்டு பக்கமும் உண்டு. அவரை 2008 செப்டம்பர் 12 அன்று இசாவில் பிடித்தார்கள், நவம்பரில் ஷா ஆலாம் உயர் நீதிமன்றம் விடுவித்தது. கைதுக்கு முந்தைய மாதம் அவருடைய தளத்தையே முடக்கினார்கள், தணிக்கை இல்லை என்ற உறுதியைக் காற்றில் விட்டார்கள். அவர் அன்று காட்டிய தைரியம் சாதாரணமானது இல்லை. ஆனால் ஒரு கொலை வழக்கு தொடர்பாக 2008 ஜூனில் அவர் கொடுத்த சத்தியப் பிரமாணம் பிறர் சொல்லிக் கேட்டதை வைத்து எழுதியது. அவர் நேரில் கண்டது எதுவும் அதில் இல்லை. 2011இல் தொலைக்காட்சிப் பேட்டியில் அவரே அதைச் சொன்னபோது, நம்பியிருந்த வாசகர்கள் நொந்துபோனார்கள். ஆளும் தரப்புக்கு அதைவிட நல்ல பரிசு கிடைத்திருக்காது. கேள்விப்பட்டதைக் கண்டது போல எழுதினால், அதே பக்கத்தில் இருக்கும் உண்மையான ஆவணத்தையும் யாரும் நம்ப மாட்டார்கள்.

கேள்வி (கோலாலம்பூர்): ஃபேஸ்புக், டிக்டாக் வந்தபிறகு வலைப்பதிவுக்கு வேலை இருக்கிறதா சார்?

பதில்: சண்டை போட ஃபேஸ்புக் போதும். ஆவணம் அடுக்க வலைப்பதிவுதான். கிளேர் ரியூகாசல் பிரவுன் லண்டனிலிருந்து 2010இல் தொடங்கிய சரவாக் ரிப்போர்ட்டைப் பாருங்கள். காடழிப்பு, நில விவகாரம் என்று ஒரு மாநிலத்துச் சங்கதியில் ஆரம்பித்து, 2015 ஜூலையில் 1எம்டிபி என்ற அரசு முதலீட்டு நிறுவனத்தின் பணம் பிரதமர் நஜிப்பின் கணக்குக்குப் போன கதையை வால் ஸ்ட்ரீட் ஜர்னல் வெளியிட்ட அதே சமயத்தில் தானும் வெளியிட்டது. அந்த மாதமே தளத்தை முடக்கினார்கள், அப்புறம் கிளேர்மேல் கைது ஆணையும் வந்தது. 2018 மே 9 அன்று ஆட்சி போனது, 2022 ஆகஸ்டில் நஜிப் சிறைக்குப் போனார்.

இதில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி வானொலி. சரவாக்கில் பழங்குடிக் குடும்பங்கள் பல சேர்ந்து வாழும் நீளவீடுகளில் இணையம் கிடைக்காது என்று தெரிந்து, அதே ஆட்கள் சிற்றலையில் ரேடியோ ஃப்ரீ சரவாக் என்று இபான் மொழியில் ஒலிபரப்பினார்கள்.

கேள்வி (சிரம்பான்): பணம் வாங்கிக்கொண்டு எழுதுகிறவர்களை எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில்: 2008க்குப் பிறகு எல்லாக் கட்சிகளும் இதற்கு ஆள் வைத்தன, சைபர் துருப்பு என்பார்கள். ஒரே வாசகம் ஒரே மணி நேரத்தில் பத்து இடத்தில் வந்தால் சந்தேகப்படுங்கள். ஆளைத் திட்டிவிட்டு ஆவணத்தைத் தொடாமல் போனாலும் அப்படியே.

கேள்வி (செர்டாங்): அக்கம்பக்கத்துப் பிரச்சினைகளை எழுதலாம் என்று இருக்கிறேன். ஊராட்சி மன்றம் பற்றி எழுதுவதால் என்ன பயன்? நாம் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்தவர்கள்கூட இல்லையே.

பதில்: அதனால்தான் எழுத வேண்டும் தம்பி. ஊராட்சித் தேர்தலை 1965இல் இந்தோனேசிய மோதலைக் காரணம் காட்டி நிறுத்தினார்கள், 1976 சட்டம் அதை ஒரேயடியாக எடுத்துவிட்டது. இன்று கவுன்சிலர்களை மாநில அரசு நியமிக்கிறது. ஓட்டால் தண்டிக்க முடியாத ஆளிடம் பெயர், தேதி, படத்தோடு பொதுவில் கேட்பதுதான் நமக்கு இருக்கும் ஒரே பிடி. 2006இல் கிள்ளானில் ஒரு கவுன்சிலர், சட்டமன்ற உறுப்பினரும் அவரே, கட்டட அனுமதி இல்லாமல் மாளிகை எழுப்பிய விஷயம் நாளிதழிலும் வலைப்பதிவிலும் படத்தோடு வந்தபோது சிலாங்கூர் முழுக்க அதுதான் பேச்சு. ஒரு வீட்டின் படம், பத்துப் பக்கக் கட்டுரை செய்யாததைச் செய்தது.

அந்த 1976 சட்டத்திலேயே மன்றக் கூட்டங்கள் பொதுமக்களுக்குத் திறந்தவை என்று இருக்கிறது, மன்றமே தீர்மானம் போட்டு மூடினால் தவிர. போய் உட்காருங்கள். சிலாங்கூரிலும் பினாங்கிலும் மாநில அளவில் தகவல் அறியும் சட்டம் உண்டு, மனு போட்டுக் கேளுங்கள். சிலாங்கூரில் இருக்கிற உங்களுக்கு இது பெரும்பாலான மற்ற மாநிலத்தாருக்கு இல்லாத வசதி.

கருத்துப் பகுதியில் கவனமாக இருங்கள். 2012இல் சேர்த்த சாட்சியச் சட்டம் 114ஏ பிரிவுப்படி, உங்கள் தளத்தில் யார் எழுதினாலும் அதை வெளியிட்டவர் நீங்கள்தான் என்று எடுத்துக்கொள்ளப்படும், இல்லை என்று நீங்கள்தான் நிரூபிக்க வேண்டும். 2021 பிப்ரவரியில் வாசகர் கருத்துகளுக்காக மலேசியாகினிக்குக் கூட்டரசு நீதிமன்றம் 5 லட்சம் ரிங்கிட் அபராதம் போட்டது. அவர்களுக்கு வாசகர்கள் சில மணி நேரத்தில் பணம் திரட்டிக் கொடுத்தார்கள், உங்களுக்கும் எனக்கும் அது நடக்காது. படித்துப் பார்த்து அனுமதிக்க நேரம் இல்லையென்றால் கருத்துப் பகுதியை மூடிவிடுங்கள்.

தமிழிலேயே எழுதுங்கள், ஆனால் கடித எண்ணையும் ஆவணத் தலைப்பையும் மலாயில் இருக்கிறபடியே விடுங்கள். படிக்கிற அக்காவோ மாமாவோ அதை அப்படியே கொண்டுபோய் முகப்பில் நீட்டிக் கேட்க முடியும்.