கோடியக்கரை உள்ளானும் முத்துப்பேட்டை வெண்கண்டலும்: அட்டவணையில் எதை எழுதுவது?

கோடியக்கரையின் வளைமூக்கு உள்ளான் என்ற கரைப்பறவைக்கும், முத்துப்பேட்டை அலையாத்திக் காட்டின் வெண்கண்டல் மரத்துக்கும் அட்டவணையின் ‘பாதுகாப்பு நிலை’ பத்தியில் (நெடுவரிசையில்) எதை எழுதுவது என்று கேட்டிருந்தீர்கள். உள்ளானுக்கு ‘அழிவாய்ப்பு நிலை’, வெண்கண்டலுக்கு ‘கவலை குறைந்த நிலை’. உயிரினங்களின் அழிவு ஆபத்தைத் தரம் பிரிக்கும் பன்னாட்டுச் செம்பட்டியலின்படி (IUCN Red List) இதுதான் சரி.

ஒரு நூலில் உள்ளான் ‘அச்சுறு நிலைக்கு அருகில்’ என்றும் இன்னொன்றில் வேறாகவும் இருப்பதாகச் சொல்லியிருந்தீர்கள். முதல் நூல் பழையதாக இருக்கும். 2024 அக்டோபரில்தான் இந்தப் பறவையை ஒரு படி மேலே, ஆபத்து கூடிய வகைக்கு மாற்றினார்கள். நூலின் பதிப்பாண்டைப் பாருங்கள். பிறகு செம்பட்டியல் தளத்தில் ‘கலிட்ரிஸ் ஃபெருஜினியா’ (Calidris ferruginea), ‘அவிசென்னியா மரினா’ (Avicennia marina) என்ற அறிவியல் பெயர்களைக் கொண்டு தேடுங்கள். உள்ளூர்ப் பெயரை நம்பினால் வேறு உள்ளானில் போய் நிற்பீர்கள். கரையோரத்தில் எல்லாமே ‘உள்ளான்’தானே!

‘அட்டவணை 1’, ‘அட்டவணை 2’ என்று எங்காவது கண்டால் அதை நிலைப் பத்தியில் சேர்க்க வேண்டாம். அது 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் வகைப்பாடு, முற்றிலும் வேறு கணக்கு.

ஒன்றில் மட்டும் எச்சரிக்கை. செம்பட்டியல் உலகம் முழுவதையும் வைத்துச் சொல்வது. வெண்கண்டல் ஆப்பிரிக்கக் கிழக்குக் கரை முதல் ஆஸ்திரேலியா வரை வளர்வதால் அதற்குக் கவலை குறைவு. முத்துப்பேட்டைக் காடு பத்திரமாக இருக்கிறது என்று அதற்குப் பொருளில்லை. காவிரி நன்னீர் குறைந்து உப்பு ஏறிய இடத்தில் தாக்குப்பிடிப்பதால்தான் அங்கே இந்த ஒரே மரம் மேலோங்கி நிற்கிறது. 2018 கஜா புயல் அதையும் முறித்துப்போட்டது. இதைத் தனிக்குறிப்பாக எழுதுங்கள், நிலைப் பத்தியில் கலக்காதீர்கள்.