பழைய மரச்சட்டக வணிகர் வீட்டை வாங்கிக் கடையும் குடியிருப்பும் வைக்கலாமா?

கேள்வி: ஜெர்மனியில் ஹான் மியூண்டன் நகரின் பழைய பகுதியில் ஒரு வணிகர் வீடு விலைக்கு வந்திருக்கிறது. 1600களில் கட்டியது என்கிறார்கள், பாதுகாக்கப்பட்ட கட்டடப் பட்டியலிலும் இருக்கிறது. மூன்று மாடி, ஓக் மரச்சட்டம், நடுவில் மண் சுவர், தரைத்தளத்தில் பல வருடமாக மூடிக் கிடக்கும் ஒரு கடை. கீழே மளிகைக் கடையும் சின்னதாக ஒரு உணவகமும் நடத்தி, நடுமாடியில் நாங்கள் குடியிருந்து, மேல்மாடியை வாடகைக்கு விட நினைக்கிறோம். மண்ணை எடுத்துவிட்டு கான்கிரீட் கற்கள் அடுக்கி, மர இடுக்கை சிலிக்கானால் அடைத்து, உள்ளே தெர்மாகோல் ஒட்டினால் ஆறு மாதத்தில் முடித்துவிடலாம் என்று ஒரு ஒப்பந்ததாரர் சொல்கிறார். செய்யலாமா?

பதில்: வீட்டை நீங்கள் நினைப்பதுபோல் பயன்படுத்தலாம். கீழே வியாபாரம், மேலே குடும்பம் என்பதற்காகவே கட்டப்பட்ட வீடு அது. ஆனால் ஒப்பந்ததாரர் சொன்ன மூன்று வேலைகளில் ஒன்றைக்கூடச் செய்ய விடாதீர்கள். இப்படிப்பட்ட வீடுகளை மழையைவிட அதிகமாக நாசம் செய்தவை இந்த மூன்றும்தான்.

ஏன் என்று கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் இது புரிந்துவிட்டால் பிறகு யார் வந்து என்ன சொன்னாலும் நீங்களே முடிவு செய்யலாம். மரச்சட்டக வீட்டில் பாரத்தைச் சுமப்பது மரம் மட்டும்தான். கல் அடித்தளத்தின் மேல் படுத்திருக்கும் அடிச்சட்டம், அதன்மேல் நிற்கும் தூண்கள், குறுக்குச்சட்டங்கள், வீடு சாயாமல் பிடித்துக்கொள்ளும் சாய்சட்டங்கள், எல்லாமே கழுந்தும் துளையுமாகச் செதுக்கி மர முளை அடித்துக் கோத்தவை. நடுவிலுள்ள கட்டங்களில் வரிச்சு கட்டி, வைக்கோல் கலந்த களிமண்ணை இரண்டு பக்கமும் அப்பியிருப்பார்கள். ஊரில் வரிச்சு வைத்து மண் அப்பிய வீட்டைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இந்தச் சுவர் அந்நியமாகத் தெரியாது. மரம் காய்ந்தால் சுருங்கும், நனைந்தால் விரியும், அதனால் மரத்துக்கும் மண்ணுக்கும் நடுவே மயிரிழை போல ஒரு இடுக்கு வரத்தான் செய்யும். சாய்வாக அடிக்கிற மழை அதில் இறங்கும். இதை முழுசாகத் தடுக்க யாராலும் முடியாது. இறங்கிய தண்ணீர் திரும்ப வெளியே போக வழி இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். களிமண் ஈரத்தை உறிஞ்சிப் பரப்பி, உள்பக்கமும் வெளிப்பக்கமும் காற்றில் விட்டுவிடும். தன்னைச் சுற்றியுள்ள மரத்திலிருந்தும் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். நூற்றாண்டுகளாக ஓக் சட்டம் கெடாமல் நிற்பதற்கு இந்த மண்ணும் ஒரு முக்கியக் காரணம்.

சிமெண்டு கலவை விறைப்பானது, மரத்தோடு சேர்ந்து அசையாது. ஆகவே இடுக்கு இன்னும் பெரிதாகும், இறங்கிய தண்ணீர் மரத்தை ஒட்டியே தேங்கும். அந்த இடுக்கைச் சிலிக்கானால் அடைத்தால் ஓரிரு குளிர்காலத்தில் ஒரு ஓரம் பிரிந்து தண்ணீர் உள்ளே போகும், மீதி சிலிக்கான் அதை வெளியே விடாது. பிளாஸ்டிக் பெயிண்டும் அப்படித்தான். மரத்தின் ஈரப்பதம் 20 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் அழுகல் காளான் பிடிக்காது. மாதக்கணக்கில் அதைத் தாண்டி நின்றால் வெளியே பெயிண்ட் பளபளப்பாக இருக்கும்போதே உள்ளே மரம் மக்கிப் பொடியாகிவிடும். போருக்குப் பிந்தைய பத்தாண்டுகளில் நல்ல எண்ணத்தோடு சிமெண்டு வைத்துப் 'புதுப்பித்த' வீடுகளில் இன்று தச்சர்கள் வெட்டி எடுப்பது பெரும்பாலும் இந்த மரத்தைத்தான். உங்கள் வீட்டில் இன்னும் மண் சுவர் இருக்கிறது என்றால் அதை ஒரு பாக்கியமாகவே எடுத்துக்கொள்ளுங்கள். உதிர்ந்த இடத்திலிருக்கும் மண்ணைக்கூடத் தூக்கிப் போடாமல் சேர்த்து வையுங்கள், ஊறவைத்துப் புது வைக்கோல் கலந்தால் மறுபடியும் அதே சுவருக்குப் போகும்.

சரி, அப்படியென்றால் எங்கே தொடங்குவது? பயன்பாட்டுத் திட்டத்தை ஒரு ஓரமாக வைத்துவிட்டு முதலில் ஈரத்தைத் தேடுங்கள். மழை அதிகமாக அடிக்கும் பக்கத்து அடிச்சட்டம், பழைய மழைநீர்க் குழாய்க்குப் பின்னால் உள்ள தூண், பின்னாளில் சேர்த்த குளியலறைக்குக் கீழே இருக்கும் விட்டம், கூரையிலிருந்து தண்ணீர் இறங்கும் மூலை, சுவருக்குள் புதைந்திருக்கும் விட்ட முனைகள். தெருவின் மட்டம் காலப்போக்கில் உயர்ந்து அடிச்சட்டம் தரையோடு தரையாகக் கிடந்தால் அங்கே நிச்சயம் பிரச்சினை இருக்கும். இதற்குக் கூட்டிப்போக வேண்டியவர் சாதாரண வீட்டு மதிப்பீட்டாளர் அல்ல, பழைய மர வேலையில் தனித் தேர்வு எழுதிய தச்சர். ஜெர்மனியில் அவர்களை ரெஸ்டவுராட்டோர் இம் சிம்மரர்ஹாண்ட்வெர்க் என்கிறார்கள். கூடவே மரக்கட்டடம் தெரிந்த ஒரு கட்டமைப்புப் பொறியாளர். மெல்லிய ஊசியை மரத்துக்குள் செலுத்தி, அது எவ்வளவு தடை காட்டுகிறது என்று அளக்கும் கருவி உண்டு. தூணைப் பிரிக்காமலேயே உள்ளே எவ்வளவு நல்ல மரம் மிச்சம் என்று அதில் தெரியும். வளைந்ததை வளைந்தபடியே வரையும் அளவு வரைபடமும் வேண்டும், நேர்கோட்டில் வரைந்த வரைபடம் இந்த வீட்டுக்குப் பயன்படாது. மர வளையங்களை எண்ணிக் காலம் கணிக்கும் சோதனையும் செய்தால் வீட்டின் வயதைப் பற்றி 'என்கிறார்கள்' என்று சொல்ல வேண்டியிருக்காது. ஓக்கைப் பச்சையாகவே செதுக்கிக் கட்டினார்கள் என்பதால், பட்டையை ஒட்டிய கடைசி வளையம் கிடைத்தால், வெட்டிய வருடமே அநேகமாகக் கட்டிய வருடமாகவும் இருக்கும். லிம்பூர்க் நகரில் ஒரு மரச்சட்டக வீடு 1289-ஆம் ஆண்டைச் சேர்ந்தது என்று தெரிய வந்தது இந்தச் சோதனையால்தான்.

பூச்சியைவிட எனக்குக் கவலை தருவது பழைய பூச்சிமருந்துதான். மேற்கு ஜெர்மனியில் விட்டங்களுக்குப் பிசிபி (PCP) என்ற பென்டாகுளோரோஃபீனால் கலந்த மருந்தைத் தாராளமாக அடித்தார்கள், 1989-இல்தான் தடை வந்தது. கிழக்கில் ஹைலோடாக்ஸ் என்று டிடிடியும் லிண்டேனும் கலந்த ஒன்று. இவை கூரை மரத்திலும் தூசியிலும் இன்னும் இருக்கலாம். பிள்ளைகள் இருக்கும் வீட்டில் மேல்மாடி மரத்தை உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பதற்கு முன் மரச் சுரண்டலையும் தூசியையும் ஆய்வகத்துக்கு அனுப்பிப் பாருங்கள். வீட்டு விலையோடு ஒப்பிட்டால் அதற்கு ஆகும் செலவு ஒன்றுமே இல்லை.

மர வேலையில் ஒரே விதி, கெட்டதை மட்டும் எடுப்பது. அடிப்பகுதி உளுத்த தூணை முழுதாக மாற்றாமல் நல்ல மரம் வரும் இடம்வரை வெட்டி, பழைய ஓக் துண்டை வைத்து ஒட்டுப் போட்டு, மர முளையால் பிணைப்பார்கள். அடிச்சட்டத்தை மாற்றவேண்டி வந்தால் வீட்டைத் தூக்கிகளால் தாங்கிக்கொண்டு பகுதி பகுதியாக மாற்றுவார்கள். நல்ல தச்சர் கையில் கொடுத்துவிட்டால் இதைப் பற்றி நீங்கள் பயப்பட வேண்டியதில்லை. வெளிப்பூச்சுக்குச் சுண்ணாம்பு, மரத்துக்கு ஆளிவிதை எண்ணெய் வண்ணம். இன்னொன்று, ஏதாவது ஒரு பக்கம் மரம் தெரியாமல் பூசியோ ஓடு பதித்தோ இருந்தால் அழகுக்காக அதை உரிக்காதீர்கள். வேஸர் ஆற்றுப் பகுதியில் மழையடிக்கும் சுவர்களை சோலிங் மணற்கல் பலகைகளாலும், ஹார்ட்ஸ் மலைப்பக்கம் ஸ்லேட்டாலும் மூடியதற்குக் காரணம் இருக்கிறது. அதை உரித்தெடுத்த பிறகுதான் பல சுவர்கள் கெட்டன.

இனி பயன்பாடு. ஹான் மியூண்டனுக்கு 1247 முதல் இருப்பு உரிமை இருந்தது: வெர்ரா, ஃபுல்டா, வேஸர் ஆறுகள் வழியாக வரும் சரக்கு நகரில் இறக்கி விற்பனைக்கு வைக்கப்பட வேண்டும். அந்த வருமானத்தில் எழுந்தவை இந்த வீடுகள். வடக்கு ஜெர்மனியின் வணிகர் வீடுகளில் கீழே வண்டி நுழையும் அளவுக்குப் பெரிய வாசல், உயரமான கூடம், மேலே குடியிருப்பு, கூரைக்குள் சரக்குத் தளம், மேலே தூக்க ஒரு கப்பி என்ற அமைப்பைத் திரும்பத் திரும்பப் பார்க்கலாம். கோஸ்லாரில் ஹான்ஸ் சீமென்ஸ் என்ற வணிகர் 1693-இல் கட்டிய வீட்டை வாய்ப்புக் கிடைத்தால் ஒருமுறை போய்ப் பாருங்கள், பின்னாளில் சீமென்ஸ் நிறுவனத்தால் பெயர் பெற்ற அதே குடும்பம்தான். அந்த வாசல் கூடத்தில் நின்றால் உங்கள் கடையை எங்கே வைப்பது என்று தானாகப் புரியும். கூடத்தைத் தடுப்புப் போட்டு உடைக்காமல் கடைக்கு அப்படியே விடுங்கள். உணவகச் சமையலறையை மரச்சட்டகத்துக்குள் கொண்டுவர வேண்டாம், ஆவியும் எண்ணெய்ப் புகையும் அந்தச் சுவருக்கு ஆகாது. பின்முற்றத்தில் கல் கட்டடமோ பின்னாளில் சேர்த்த பகுதியோ இருந்தால் சமையலும் கழிவறைகளும் அங்கே போகட்டும். மாடிக் குளியலறைகளை ஒன்றின் மேல் ஒன்றாக, ஏற்கனவே மாற்றங்கள் நடந்த ஒரே மூலையில் அமையுங்கள். குழாய்க்காக விட்டத்தை வெட்ட யாரையும் அனுமதிக்காதீர்கள்.

கடை மூடிக் கிடந்து உணவகமாக மாறுவது சட்டத்தின் கண்ணில் பயன்பாட்டு மாற்றம். அதுவரை பழைய வீட்டுக்கு இருந்த சலுகை அந்தப் பகுதிக்குப் போய்விடலாம்: தீ விபத்தில் வெளியேற இரண்டாவது வழி, தளங்களுக்கு இடையே தீத்தடுப்பு, வண்டி நிறுத்துமிடம் என்று கேட்பார்கள். மேல்மாடி வாடகை வீட்டுக்கு இரண்டாவது வழி பெரும்பாலும் தீயணைப்பு வண்டியின் ஏணி எட்டும் ஜன்னல்தான். சந்துக்குள் வண்டி வர முடியாது என்றால் மேல்மாடித் திட்டமே மாறும். இதை வாங்குவதற்கு முன்பே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

குளிர்? தெர்மாகோல் வேண்டாம், கண்ணாடி நாரும் பிளாஸ்டிக் தாளும் சேர்ந்த பலகைச் சுவரும் வேண்டாம். உள்பக்கம் 4 முதல் 6 சென்டிமீட்டர் மரநார்ப் பலகை அல்லது நாணல் பலகையை, பின்னால் காற்று இடைவெளி இல்லாமல் களிமண் கலவையில் பதித்து, மேலே களிமண் பூசலாம். அந்தப் பூச்சுக்குள்ளேயே சுவர் வெப்பக் குழாய்களை ஓட்டினால் சுவர் காய்ந்தே இருக்கும், அறையும் இதமாக இருக்கும். ஆனால் முதல் பணத்தைக் கூரைத் தளத்திலும் ஜன்னலிலும் போடுங்கள். பழைய ஜன்னலைக் கழற்றாமல் உள்பக்கம் இன்னொரு ஜன்னல் சேர்த்தாலே பெரிய வித்தியாசம் தெரியும். பாதுகாக்கப்பட்ட கட்டடம் என்பதால் ஆற்றல் சட்டம் புது வீட்டுக் கணக்கை உங்கள்மேல் திணிக்காது, விலக்கு உண்டு.

பணத்தைப் பொறுத்தவரை வரிசைதான் முக்கியம். மரபுக் கட்டட அலுவலகத்தின் எழுத்துப்பூர்வ அனுமதி வருவதற்கு முன் ஒரு ஆணிகூட அடிக்காதீர்கள், ஏனென்றால் வரிச்சலுகைக்கான சான்றிதழ் முன்கூட்டியே அவர்களோடு பேசி ஒப்புக்கொண்ட வேலைகளுக்குத்தான் கிடைக்கும். நீங்கள் குடியிருக்கும் பகுதியின் சீரமைப்புச் செலவில் வருடத்துக்கு 9 சதவீதம் வீதம் 10 வருடம் கழித்துக்கொள்ளலாம். கடைக்கும் வாடகை வீட்டுக்கும் முதல் 8 வருடம் 9 சதவீதம், அடுத்த 4 வருடம் 7 சதவீதம், ஆக முழுச் செலவும் கணக்கில் வரும். வாங்கும் ஒப்பந்தம் கையெழுத்தான பிறகு செய்த வேலைகள்தான் இதில் சேரும், வீட்டு விலை சேராது. ஒவ்வொரு பகுதிக்கும் தனித்தனியாக ரசீது கேட்டு வாங்குங்கள், பின்னால் பிரிப்பது பெரிய தலைவலி. மானியத்துக்கு ஜெர்மன் மரபுக் கட்டடப் பாதுகாப்பு அறக்கட்டளையையும் மாநில அரசையும் கேட்டுப் பாருங்கள், அங்கேயும் வேலை தொடங்குவதற்கு முன்பே விண்ணப்பிக்க வேண்டும். இத்தனையும் சேர்ந்து ஆறு மாதத்தில் நடக்காது, அதற்குத் தகுந்தபடி வங்கிக் கடனையும் இப்போது இருக்கும் வாடகை வீட்டையும் திட்டமிடுங்கள்.

ஆற்றங்கரை நகரம் என்பதால் வெள்ள அபாய வரைபடத்தில் அந்தத் தெரு எங்கே இருக்கிறது, இயற்கைப் பேரிடருக்கான காப்பீடு கிடைக்குமா என்றும் விசாரியுங்கள். கடைச் சரக்கு தரைத்தளத்தில்தானே இருக்கப் போகிறது.

தச்சரையும் பொறியாளரையும் கூட்டிப்போவது நோட்டரி முன் கையெழுத்துப் போடுவதற்கு முன்பாக இருக்கட்டும். பழைய வீட்டு ஒப்பந்தங்களில் பார்த்தபடி வாங்கியது என்ற பொருளில் ஒரு வரி வழக்கமாக இருக்கும். கையெழுத்துக்குப் பிறகு தெரியவரும் உளுத்த அடிச்சட்டம், விற்றவர் தெரிந்தே மறைத்தார் என்று நிரூபிக்க முடியாவிட்டால், உங்கள் செலவுதான். விற்பவர் அந்தச் சோதனைக்குச் சம்மதிக்கவில்லை என்றால் இந்த வீட்டை விட்டுவிடுங்கள். இதே நகரில் மட்டும் எழுநூறு மரச்சட்டக வீடுகள் இருக்கின்றன, வேறொன்று கிடைக்கும்.