வாரக் கணக்கு சரியாகத்தான் இருந்தது, அப்புறம் ஏன் கால் வலிக்கிறது?

கேள்வி: எனக்கு வயது 41, சிங்கப்பூரில் செங்காங்கில் இருக்கிறேன். ஏழு மாதமாக ஓடுகிறேன், டிசம்பரில் 21 கி.மீ. அரை மாரத்தானுக்குப் பெயர் கொடுத்திருக்கிறேன். கூட ஓடுபவர்கள் சொன்ன எல்லாவற்றையும் செய்கிறேன்: ஓடும் முன் தசைகளை நீட்டும் ஸ்ட்ரெட்சிங், தட்டைப் பாதத்துக்கென்று விற்கும் காலணி, இறுக்கமான நீளக் காலுறை, வாரத்துக்கு 10 விழுக்காட்டுக்கு மேல் தூரத்தைக் கூட்டக்கூடாது என்ற விதி. வழக்கமாக 6, 7, 7 என்று வாரம் 20 கி.மீ. போன வாரம் வேலையால் இரண்டு நாள் விட்டுப்போனது, அதனால் சனிக்கிழமை 6, ஞாயிறு 15 ஓடிச் சரிக்கட்டினேன். திங்கள் முதல் வலது காலில், முழங்காலுக்குக் கீழே உள்பக்கம் வலி. இந்த முறைகளெல்லாம் உண்மையிலேயே பலன் தருமா, டாக்டர்?

பதில்: முதலில் வலியைப் பார்த்துவிடுவோம், மற்றது அப்புறம். உட்கார்ந்து காலைத் தளர்த்தி வையுங்கள். கணுக்காலுக்கு மேலே, உள்விளிம்பில் எலும்பு தட்டுப்படும் கோட்டைக் கட்டைவிரலால் கொஞ்சம் கொஞ்சமாக முழங்கால் வரை அழுத்திக்கொண்டே போங்கள். நான்கு விரல் அகலமோ அதற்கு மேலோ பரவலாக வலித்தால், அநேகமாக எலும்பை ஒட்டிய சவ்வும் தசையும் நொந்திருக்கின்றன, ஓட்டத்தைக் குறைத்தால் அடங்கிவிடும். ஆனால் 20 காசு நாணயத்தால் மூடிவிடலாம் என்கிற அளவில் ஒரே இடத்தில் சுருக்கென்று வலித்தாலோ, நடக்கும்போதும் இரவில் படுத்திருக்கும்போதும் வலி விடவில்லை என்றாலோ, எலும்பில் நுண்ணிய விரிசல் இருக்கலாம். அப்போது ஓட்டத்தை உடனே நிறுத்திவிட்டுப் பலதுறை மருந்தகத்துக்கோ விளையாட்டு மருத்துவரிடமோ போய்விடுங்கள். ஆரம்ப வாரங்களில் எக்ஸ்ரேயில் விரிசல் தெரியாமல் போவது சகஜம், அதனால் 'எக்ஸ்ரே சுத்தமாக இருக்கிறது' என்று சொன்ன மறுநாளே ஓடக் கிளம்பாதீர்கள், தேவைப்பட்டால் எம்ஆர்ஐ ஸ்கேன் எடுப்பார்கள். மாதவிடாய் தள்ளித் தள்ளிப் போகிறதா, எடை குறைக்கச் சாப்பாட்டைக் குறைத்திருக்கிறீர்களா என்பதையும் மறக்காமல் சொல்லுங்கள், எலும்பின் பலத்துக்கும் இவற்றுக்கும் நேரடித் தொடர்பு உண்டு.

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். நீங்கள் கடைப்பிடித்தவற்றில் பெரும்பாலானவற்றுக்குக் காயத்தைத் தடுக்கும் சக்தி இருப்பதாகச் சான்று இல்லை. ஆஸ்திரேலிய ராணுவத்தில் புதிதாகச் சேர்ந்த 1,538 பேரை இரண்டு குழுவாகப் பிரித்து, ஒரு குழுவை மட்டும் பயிற்சிக்கு முன் ஸ்ட்ரெட்சிங் செய்ய வைத்தார்கள். 2000இல் வந்த அந்த ஆய்வில் இரு குழுவுக்கும் காயங்களில் சொல்லிக்கொள்ளும்படி வித்தியாசம் இல்லை. பிடித்திருந்தால் செய்யுங்கள், கெடுதல் இல்லை, ஆனால் அது கவசம் அல்ல. பாதத்தின் வளைவைப் பார்த்துக் காலணி கொடுப்பதை அமெரிக்க ராணுவம் பயிற்சி வீரர்களிடம் சோதித்துப் பார்த்தது, அதிலும் காயம் குறையவில்லை. காலுக்கு இதமாக இருக்கும் காலணியே போதும், தட்டைப் பாதம் என்று பயந்து கூடுதல் காசு கொடுக்க வேண்டாம். இறுக்கமான காலுறை சிலருக்குச் சுகமாக இருக்கும், அவ்வளவுதான்.

அந்த 10 விழுக்காடு விதியைப் பற்றித்தான் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நீங்கள் மாட்டிக்கொண்டது அங்கேதான். நெதர்லாந்தில் புதிதாக ஓடத் தொடங்கிய 532 பேரில் பாதிப் பேர் 13 வாரம் இந்த விதிப்படி மெதுவாகக் கூட்டினார்கள், மற்றவர்கள் வழக்கமான 8 வாரத் திட்டத்தில் ஓடினார்கள். காயம் பட்டவர்கள் ஒரு குழுவில் 20.8 விழுக்காடு, இன்னொன்றில் 20.3. வாரக் கணக்கு காப்பாற்றவில்லை! 2025இல் 5,000க்கும் மேற்பட்டவர்களின் ஓட்டப் பதிவுகளை வைத்து வந்த ஒரு பெரிய ஆய்வு இன்னும் தெளிவாகச் சொல்கிறது: முந்தைய 30 நாளில் ஓடிய மிக நீளமான ஓட்டத்தைவிட ஒரே ஓட்டத்தில் 10 விழுக்காட்டுக்கு மேல் கூடினால் காயம் அதிகமாகிறது, இரு மடங்குக்கு மேல் போனால் காயமும் இரு மடங்கைத் தாண்டுகிறது. இது பதிவுகளைப் பார்த்துக் கணக்கிட்ட ஆய்வுதான், குழு பிரித்து நடத்திய சோதனை அல்ல, ஆனாலும் நான் தினமும் பார்க்கும் கால்களோடு ஒத்துப்போகிறது. உங்கள் வாரத்தைப் பாருங்கள்: 20 கி.மீ. 21 ஆனது, விதி மீறவே இல்லை. ஆனால் 7 கி.மீ.க்கு மேல் போகாத கால் ஒரே காலையில் 15 ஓடியிருக்கிறது. விட்டுப்போன நாளை ஞாயிற்றுக்கிழமை சேர்த்து ஓடாதீர்கள், விட்டது விட்டதாகவே இருக்கட்டும்.

பலன் தருவதும் உண்டு. பிரேசிலில் 118 பேரிடம் நடந்த சோதனையில், பாதத்துக்கும் கணுக்காலுக்கும் பலம் கூட்டும் பயிற்சி செய்யாதவர்களுக்கு ஒரு வருடத்தில் காயம் ஏற்படும் வாய்ப்பு சுமார் 2.4 மடங்கு அதிகமாக இருந்தது. பயிற்சி செய்தவர்களுக்குத் தொடக்கத்தில் ஆள் வைத்துச் சொல்லிக்கொடுத்தார்கள், பலன் தெரியவும் சில மாதங்கள் ஆயின. நியூயார்க் மாரத்தானுக்கு முதல் தடவை தயாரானவர்களிடம் தாங்களாகவே செய்யச் சொல்லி விட்ட பயிற்சியில் பலன் கிடைக்கவில்லை, அதனால் ஒரு பிசியோதெரபிஸ்டிடம் இரண்டு முறையாவது நேரில் கற்றுக்கொள்வது நல்லது. ஹாங்காங்கில் 320 பேருக்குச் சத்தமில்லாமல் மெதுவாகக் கால் பதிக்கப் பழக்கியதில் காயம் 62 விழுக்காடு குறைந்தது, ஆனால் சுமை கெண்டைக்காலுக்கும் குதிகால் தசைநாருக்கும் மாறியது. உங்களுக்கு வலி முழுக்கப் போகும்வரை அதைத் தொடவே வேண்டாம்.

வலி பரவலான வகையாக இருந்தால், வேகமாக நடக்கும்போது வலிக்காத நிலை வரட்டும், அப்புறம் 3 கி.மீ.யில் தொடங்குங்கள். அந்த 15ஐக் கணக்கில் சேர்க்காதீர்கள். 7 கி.மீ.யை வலியில்லாமல் எட்டியபின் அங்கிருந்து பத்துப் பத்து விழுக்காடாக நீள ஓட்டத்தைக் கூட்டினால் 21 கி.மீ. வர ஏறக்குறைய 12 வாரம் ஆகும், நடுவில் இரண்டு மூன்று வாரம் குறைத்து ஓடினால் 15. நாட்காட்டியில் எண்ணிப் பாருங்கள். டிசம்பருக்குள் அடங்கவில்லை என்றால் 10 கி.மீ. ஓட்டத்துக்கு மாற்ற முடியுமா என்று ஏற்பாட்டாளர்களிடம் இப்போதே கேட்டுவிடுங்கள்.