தீபாவளிக்கு உதவ நினைப்பவர்களுக்கு: வாசகர் கேள்வி - பதில்

கேள்வி: தீபாவளியன்று அருகிலுள்ள குழந்தைகள் இல்லத்துக்கு மதிய உணவு கொடுக்க ஆண்டுதோறும் கேட்கிறோம். "அன்றைக்கு ஏற்கெனவே ஆள் இருக்கிறார்கள்" என்று சொல்லிவிடுகிறார்கள். வேறு எப்படித்தான் உதவுவது?
- ஒரு வாசகி, திண்டுக்கல்

பதில்: அவர்கள் சொல்வது சாக்குப்போக்கு அல்ல. ஒரு தீபாவளியன்று நான் அப்படிப்பட்ட இல்லம் ஒன்றில் இருந்தேன். பதினோரு மணிக்குள் மூன்று கார்களில் மூன்று வகை இனிப்புகள் வந்து இறங்கின; ஒரு மணிக்குப் பிரியாணி அண்டா வந்தது; பிள்ளைகள் அதைச் சாப்பிட்டுக் கை கழுவுவதற்குள் இன்னொரு குடும்பம் சாம்பார் வாளியோடு வாசலில் நின்றது. வந்தவர்கள் மனம் நோகக் கூடாதே என்று பிள்ளைகளை மறுபடியும் பந்தியில் உட்கார வைத்தார்கள். இரண்டு வாரம் கழித்து அதே சமையற்கட்டில் துவரம்பருப்பை அளந்து அளந்துதான் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

ஆகவே நாளைக் கேட்காமல் தேவையைக் கேளுங்கள். பெரும்பாலும் அரிசி எப்படியாவது வந்துவிடும். பருப்பு, எண்ணெய், எரிவாயு உருளைக்கான பணம், குளியல் சோப்பு, பற்பசை, உள்ளாடை, பெரிய பெண் பிள்ளைகளுக்கு நாப்கின் ஆகியவற்றைக் கொடுக்கத்தான் யாருக்கும் தோன்றுவதில்லை. புத்தாடை எடுத்துக் கொடுப்பதாக இருந்தால், "பத்து வயதுப் பையன்" என்ற கணக்கில் வாங்காமல் ஒவ்வொரு பிள்ளைக்கும் உரிய அளவை எழுதி வாங்கிக்கொண்டு போங்கள். அளவு பொருந்தாவிட்டால் மாற்றிக்கொள்ள வசதியாகக் கடை ரசீதையும் சேர்த்துக் கொடுங்கள். என்ன நிறம் வேண்டும் என்று பிள்ளைகளையே கேட்டால் இன்னும் நல்லது. நம் வீட்டுப் பிள்ளைகள் துணிக்கடையில் எவ்வளவு அடம் பிடிக்கிறார்கள் என்பது நமக்குத் தெரியாததா என்ன!

இன்னும் இரண்டு செய்திகள். இத்தகைய இல்லங்கள் 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டப்படி பதிவு பெற்றிருக்க வேண்டும். பதிவுச் சான்றிதழைக் காட்டச் சொல்லிக் கேட்பதில் கூச்சப்பட ஒன்றுமில்லை. அங்குள்ள பிள்ளைகளை அடையாளம் காட்டும் படங்களை வெளியிடுவதை அதே சட்டம் தடை செய்கிறது. எனவே கொடுப்பதைப் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் போடுவதைத் தவிர்த்துவிடுங்கள்.

கேள்வி: எங்கள் வீட்டில் வேலை செய்யும் அம்மாவுக்கு ஆண்டுதோறும் புடவையும் இனிப்பும் கொடுக்கிறோம். இது போதுமா?
- ஒரு வாசகர், சென்னை

பதில்: போதாது என்பது என் எண்ணம். நிறுவனங்களுக்குச் சட்டம் வகுத்துள்ள குறைந்தபட்ச போனஸ் 8.33 சதவீதம், அதாவது ஆண்டு ஊதியத்தில் பன்னிரண்டில் ஒரு பங்கு, ஒரு மாதச் சம்பளம். வீடுகளை அந்தச் சட்டம் கட்டுப்படுத்தாது என்றாலும், ஒரு மாதச் சம்பளத்தைப் பணமாகக் கொடுக்கும் வழக்கம் பல வீடுகளில் உண்டு. அதையே அளவுகோலாக வைத்துக்கொள்ளுங்கள். புடவை அதற்கு மேல் இருக்கட்டும்.

தொகையைப் போலவே, அதை எப்போது கொடுக்கிறோம் என்பதும் முக்கியம். தீபாவளிக்கு முதல் நாள் மாலையில் கையில் வரும் பணத்தைக் கொண்டு கடைசி நேர விலையில்தான் துணி எடுக்க முடியும். அதற்குள் பிள்ளைகளின் நச்சரிப்புக்கு அவர் வட்டிக்குக் கடன் வாங்கியும் இருக்கலாம். இரண்டு வாரம் முன்னதாகவே கொடுத்துவிட்டால், உங்களுக்குக் கூடுதலாக ஒரு காசும் செலவில்லாமல் அவருக்கு அந்த வட்டி மிச்சமாகும்.

கேள்வி: பண்டிகையன்று வீட்டில் மீந்துபோகும் உணவை யாருக்குக் கொடுக்கலாம்?
- ஒரு வாசகி, மதுரை

பதில்: பந்தி முடிந்து மீந்ததைக் கொடுக்க வேண்டாம்; சமைத்தவுடன் தனியாக எடுத்து வைத்ததைக் கொடுங்கள். சமைத்த உணவு நம் ஊர் வெப்பத்தில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியில் இருப்பது நல்லதல்ல. அன்றைக்கு உண்மையில் உணவுக்கு அலைபவர்கள் அரசு மருத்துவமனைகளில் நோயாளிகளுக்குத் துணையாக இருக்கும் உறவினர்கள்தாம். உள்ளே நோயாளிக்கு உணவு கிடைக்கும். துணைக்கு இருப்பவர் வெளியே வந்தால், ஆட்கள் ஊருக்குப் போய்விட்டதால் சிறிய ஓட்டல்கள் பல அன்று பூட்டிக் கிடக்கும். மருத்துவமனை நிர்வாகத்திடம் முன்கூட்டியே அனுமதி பெற்று, இருபது இட்லிப் பொட்டலங்களைக் காலை எட்டு மணிக்குக் கொண்டுபோனாலே போதும். முதியோர் இல்லத்துக்கு இனிப்புப் பெட்டி எடுத்துச் செல்பவர்கள், அங்கே சர்க்கரை நோய் இல்லாதவர்கள் எத்தனை பேர் என்று முதலில் விசாரித்துக்கொள்வது நல்லது.

கேள்வி: நான் கல்லூரி மாணவன். உதவ ஆசை உண்டு. கையில் பணம்தான் இல்லை.
- ஒரு வாசகர், திருச்சி

பதில்: இரத்தம் கொடுங்கள். இரத்த தான முகாம்களில் கணிசமானவை கல்லூரிகளில்தான் நடக்கின்றன. தீபாவளி விடுமுறையில் கல்லூரிகள் மூடியிருக்கும், வழக்கமாகக் கொடுப்பவர்களும் ஊருக்குப் போயிருப்பார்கள். ஆனால் விபத்துகளும் பிரசவங்களும் விடுமுறை பார்ப்பதில்லை; ஐப்பசி மழையோடு டெங்குவும் வந்து சேரும். தானமாகப் பெற்ற இரத்தத்தின் சிவப்பணுக்களை ஒரு மாதத்துக்கு மேல் குளிர்பதனத்தில் வைத்திருக்கலாம், டெங்குவில் குறைந்துவிடும் தட்டணுக்களையோ ஐந்து நாளைக்கு மேல் வைத்திருக்க முடியாது என்பதால், அவற்றைப் பண்டிகைக்கு முன்பே சேகரித்து வைத்துச் சமாளிப்பதற்கும் வழியில்லை.

வயது 18 முதல் 65 வரை, எடை குறைந்தது 45 கிலோ, ஹீமோகுளோபின் 12.5 கிராம் என்பவை அடிப்படை விதிகள். ஒரு முறை கொடுத்தவர்களில் ஆண்கள் மூன்று மாதமும் பெண்கள் நான்கு மாதமும் இடைவெளி விட வேண்டும். அரசு மருத்துவமனை இரத்த வங்கியைத் தொலைபேசியில் அழைத்து, எந்த நாளில் வரலாம் என்று கேட்டுக்கொள்ளுங்கள். எண்ணெய்க் குளியலும் லேகியமும் முடிந்த கையோடு வெறும் வயிற்றில் ஓடாதீர்கள். நான்கு இட்லி சாப்பிட்டு, நிறையத் தண்ணீர் குடித்துவிட்டுப் போங்கள்.