பால்ரூம் நடனத்தை முழுநேரத் தொழிலாகக் கொண்டு வாழ முடியுமா?

ஜோடியாக ஆடும் இந்த நடனத்தை நம்பி இங்கிலாந்தில் வாழ முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். 2004 முதல் வந்துகொண்டிருக்கும் ஸ்ட்ரிக்ட்லி கம் டான்ஸிங் தொலைக்காட்சி நடனப் போட்டி நிகழ்ச்சியைப் பார்த்துவிட்டு, இருக்கும் வேலையை விடலாமா என்ற யோசனையில் இருக்கிறீர்கள் என்று எடுத்துக்கொண்டு எழுதுகிறேன். அதில் இடம்பிடிக்கும் தொழில்முறைக் கலைஞர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். மற்றவர்களின் பிழைப்பு எப்படி என்பதை, பதினோரு ஆண்டுகள் அந்த மற்றவர்களில் ஒருவனாக இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன்.

போட்டிப் பரிசுத்தொகை பயணச் செலவுக்கே போதாது. சோறு போடுவது கற்பித்தல்தான்: திருமணத்துக்கு மூன்று வாரம் இருக்கையில் வால்ட்ஸ் கற்க வரும் மணமக்கள், மாலை வகுப்புக்கு வரும் ஓய்வுபெற்றவர்கள், ஆசிரியரையே இணையாக்கிக்கொண்டு போட்டியில் ஆடக் கட்டணம் தரும் வசதியுள்ள மாணவர்கள். அவர்களிடம் வாங்கியதை நாங்கள் எங்கள் ஆசிரியர்களிடம் கொடுப்போம். அந்த ஆசிரியர்களில் பலர் போட்டிகளில் நடுவர்களும்கூட. பாடம் கேட்காதவருக்கு மதிப்பெண் விழாது என்று நான் சொல்லவில்லை, சொன்னால் சண்டைக்கு வருவார்கள். ஆனால் போட்டி நெருங்கும்போது யாரிடம் பாடம் கேட்பது என்பதை நாங்கள் கணக்குப் போட்டுத்தான் முடிவு செய்தோம்.

பணத்தைவிடப் பெரிய சிக்கல் இணை. இங்கிலாந்தின் கடற்கரை நகரான பிளாக்பூலில், விண்டர் கார்டன்ஸ் வளாகத்தின் எம்பிரஸ் பால்ரூம் என்ற நடன மண்டபத்தில் 1920 முதல் நடந்துவரும் நடனப் போட்டி விழா எங்களுக்குத் திருவிழா மாதிரி. தொடக்கச் சுற்றுகளில் நடுவர்கள் தரவரிசை போடுவதில்லை. அடுத்த சுற்றுக்கு வர வேண்டிய ஜோடிகளின் எண்ணை மட்டும் குறிப்பார்கள். ஒரு நடனம் ஏறக்குறைய ஒன்றரை நிமிடம். அதற்குள் அத்தனை ஜோடிகளுக்கிடையே அவர்கள் கண்ணில் பட்டாக வேண்டும். நானும் என் இணையும் கடைசியாகச் சேர்ந்து ஆடிய ஆண்டு, ஃபாக்ஸ்ட்ராட் என்ற நடனத்தின்போது ஒரு மூலையில் வேறொரு ஜோடி வழிமறிக்க, நாங்கள் ஓர் அடி தயங்கி நின்றோம். அடுத்த சுற்றுப் பட்டியலில் எங்கள் எண் இல்லை.

திரும்பும் வழியில், ரயில் மாறுவதற்காகப் பிரஸ்டன் நடைமேடையில் நின்றிருந்தபோது, என் இணை தன் பையைத் திறந்து கம்பித் தூரிகையை எடுத்து என் கையில் கொடுத்தார். காலணியின் மெதுதோல் அடிப்பாகம் வழுக்காமலிருக்க அதைத் தேய்த்துவிடும் தூரிகை அது. எட்டு ஆண்டுகளாக இருவருக்கும் அது ஒன்றுதான். என்னைவிட நான்கு அங்குலம் உயரமான ஒருவருடன் அவர் ஏற்கெனவே ஆடிப் பார்த்துவிட்டார் என்பதை ரயில் ஏறிய பின்தான் சொன்னார்.

இதைத் துரோகம் என்று எழுத மாட்டேன். நானும் முன்பு ஒருவரை இதேபோல விட்டுவிட்டு வந்தவன்தான். மார்கஸ் ஹில்டன், கேரன் ஹில்டன் போலக் கணவன் மனைவியாகவே ஆடி உலகப் பட்டங்கள் வென்றவர்களும் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் இணையில்லாத தொழில்முறை ஆட்டக்காரர் போட்டிக்குப் பெயர்கூடக் கொடுக்க முடியாது. உயரம், விசா, பாடச் செலவில் யார் பங்கு எவ்வளவு என்று ஜாதகம் பார்ப்பதுபோலப் பதினான்கு மாதங்கள் பார்த்தேன். அதுவரை, போட்டிக்கு ஆண்கள் அணியும் பின்புறம் வால்போல நீண்ட டெயில்கோட் அலமாரியில் தொங்கியது. கைகளை உயர்த்தி நிற்க வைத்து அளவெடுத்துத் தைக்கும் உடுப்பு அது. கைகளைத் தொங்கவிட்டால் தோளில் சுருக்கம் விழும் என்பதால் வேறெங்கும் போட்டுக்கொண்டு போகவும் முடியாது.

உங்களுக்கு இணை கிடைத்துவிட்டாரா என்பதைக் கேள்வியில் நீங்கள் குறிப்பிடவில்லை.